பட்டமா, நேரடி வேலையா? எதுவானாலும் அரைக்கிணறு தாண்டாதீர்கள்

டிகிரி இல்லாமல் முன்னேற முடியுமா என்ற கேள்வியை எங்கே போட்டாலும் இரண்டு கோஷ்டிகள் வந்துவிடும். ஒன்று, படிக்காமல் விட்டால் காலம் முழுக்கக் கஷ்டப்படுவாய் என்று பயமுறுத்தும். இன்னொன்று, பில் கேட்ஸ் முடித்தாரா, ஸ்டீவ் ஜாப்ஸ் முடித்தாரா என்று கிளம்பும். பள்ளியை முடித்துவிட்டு விண்ணப்பப் படிவத்தோடு நிற்கிற 17 வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டுமே உதவாது. எந்தப் படிப்பு, யார் பணத்தில், எத்தனை வருஷம், படிக்காவிட்டால் அதே வருஷங்களில் வேறென்ன செய்யப் போகிறாய், இதைத்தான் அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

வழிகளை நான்காகப் பிரிக்கலாம். முழுநேரக் கல்லூரி. நேராக வேலைக்குப் போய்த் திறமையைச் சொந்த முயற்சியில் வளர்த்துக்கொள்வது (இணையவழிக் கோர்ஸ், பூட்கேம்ப் என்கிற சில மாதத் தீவிரப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் இதில் அடக்கம்). சம்பளத்தோடு தொழில் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சி. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையிலோ மாலை வகுப்பிலோ பட்டம் வாங்குவது. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் திட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் நிறையப் பேர் போய் விழுவது அதில்தான்: கல்லூரியில் சேர்ந்து, கடனும் வாங்கி, இரண்டாம் வருஷத்திலோ மூன்றாம் வருஷத்திலோ நின்றுபோவது. முதல் நான்கும் ஆளைப் பொறுத்து நன்றாகவும் போகலாம், சொதப்பவும் செய்யலாம். இந்த ஐந்தாவதில் மட்டும் அநேகமாக யாருக்கும் லாபமில்லை.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர், கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர், இந்த மாதிரி வேலைகளில் பெரும்பாலான நாடுகளில் பட்டம் இல்லாமல் உரிமம் கிடையாது, உரிமம் இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். அங்கே ஒப்பிட ஒன்றுமில்லை, ஆசைப்பட்டால் படித்தே ஆக வேண்டும். குழப்பம் எல்லாம் மற்ற துறைகளில்தான்: மென்பொருள், விற்பனை, வடிவமைப்பு, ஊடகம், அலுவலக நிர்வாகம், வங்கி, சரக்குப் போக்குவரத்து. சட்டப்படி பட்டம் தேவையில்லை, ஆனாலும் வேலை விளம்பரத்தில் கேட்கிறார்கள்.

ஏன் கேட்கிறார்கள்?

பொருளாதாரத்தில் இது பழைய சண்டை. படிப்பு ஒரு முதலீடு, படிக்கப் படிக்க ஆளின் உழைப்புக்கு மதிப்பு கூடுகிறது, அதனால் சம்பளமும் கூடுகிறது என்பது கேரி பெக்கரின் பக்கம். 1992இல் அவருக்கு நோபல் கிடைத்தது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதிய கட்டுரை வேறு மாதிரி பார்த்தது. எதிரில் இருக்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்று வேலை கொடுப்பவருக்குத் தெரியாது. உழைப்பும் திறமையும் உள்ளவருக்குப் பட்டம் வாங்குவது ஒப்பீட்டளவில் எளிது, மற்றவருக்குச் சிரமம். அதனால் வகுப்பில் ஒன்றுமே கற்றுக்கொள்ளாவிட்டாலும் அந்தக் காகிதம் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். அவருக்கும் 2001இல் நோபல், வேறு இருவரோடு சேர்த்து. ஆக இரண்டு பக்கமும் நோபல், சண்டை இன்னும் ஓயவில்லை.

நமக்கு அந்தச் சண்டையில் வேண்டியது ஒரே ஒரு விஷயம். படித்த வருஷங்களையும் வாங்கும் சம்பளத்தையும் வைத்துப் பார்த்த பல ஆய்வுகளில், பட்டம் கைக்கு வருகிற அந்தக் கடைசி வருஷத்துக்குக் கிடைக்கிற உயர்வு அதற்கு முந்தைய ஒவ்வொரு வருஷத்துக்கும் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதாவது நான்கு வருஷப் படிப்பில் மூன்று வருஷம் முடித்தவருக்கு முக்கால்வாசிப் பலன் வருவதில்லை. பாடத்தில் முக்கால்வாசி மண்டையில் ஏறியிருக்கலாம், ஆனால் சந்தை அதற்கு முக்கால்வாசி விலை கொடுப்பதில்லை.

ஆள் எடுக்கிற மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இது ஏன் என்று புரிந்துவிடும். ஒரு வேலைக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வந்திருக்கும். வடிகட்டுகிற ஹெச்.ஆர். பெண்ணுக்கு அந்த வேலையின் நுணுக்கம் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, சாயங்காலத்துக்குள் இருபது பெயரை மேலாளருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மென்பொருளில் கல்வித் தகுதி என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் "பட்டம்" என்று தேர்ந்தெடுத்தால் பட்டியல் பாதியாகக் குறைகிறது. அவர் அனுப்பிய பட்டதாரி சரியில்லாமல் போனால் யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. பட்டம் இல்லாத ஒருவரை அனுப்பி அவர் சரியில்லாமல் போனால், "இந்த ஆளை ஏன் அனுப்பினாய்?" என்று கேட்பார்கள். பட்டம் என்பது படித்தவருக்கு எவ்வளவு பாதுகாப்போ, அதைவிடத் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதுகாப்பு. இதில் நியாயம் இருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் நடப்பது இதுதான்.

அதே மேஜையில் ஐந்தாறு வருஷ அனுபவம் உள்ளவரின் ரெஸ்யூமே வந்தால் கண் முதலில் போவது கடைசியாகப் பார்த்த வேலைக்கு. படிப்பு கடைசி வரிக்கு இறங்கியிருக்கும். கூகுளில் ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் ஒரு பேட்டியில், புதிதாகப் படித்து முடித்தவர்களைத் தவிர மற்றவர்கள் வேலையில் எப்படி இருப்பார்கள் என்பதை மதிப்பெண்களை வைத்துக் கணிக்க முடிவதில்லை என்று தங்கள் சொந்தக் கணக்குகளை வைத்தே சொன்னார். ஆக, பட்டத்தின் பலம் பெரும்பாலும் முதல் கதவில்தான். அப்புறம் வேறு இரண்டு கதவுகளில் மறுபடி தலைகாட்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

பெரிய பெயருள்ள கல்லூரிக்காக வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை எடுத்துக்கொண்டு, பெயருள்ள கல்லூரிக்குப் போனவரையும் போகாமல் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவரையும் ஒப்பிட்டார்கள். பின்னாளில் இருவரின் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே பலன் கொடுத்தது. ஏற்கெனவே நாலு பேரைத் தெரிந்த வீட்டில் பிறந்தவருக்குக் கல்லூரி புதிதாக யாரையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சம்பளக் கணக்கு

நாட்டுக்கு நாடு பணம் மாறும், அதனால் வெறும் எண்களாகவே வைத்துக்கொள்வோம். பள்ளி முடித்ததும் வேலைக்குப் போனால் மாதம் 100, நான்கு வருஷத்தில் அது 140 ஆகிறது. சராசரி 120 என்று வைத்தால் 48 மாதத்துக்கு 5,760. கல்லூரிக்குப் போகிறவர் இந்தச் சம்பளத்தை விடுகிறார். கட்டணமும் புத்தகமும் சேர்த்து 3,000 செலவு செய்கிறார். மொத்தம் 8,760. சாப்பாடும் தங்குமிடமும் இரண்டு பேருக்கும் உண்டு, அதைச் சேர்க்க வேண்டாம்.

படித்து முடித்தவர் 220இல் தொடங்கினால் மற்றவரைவிட மாதம் 80 கூடுதல். போட்டதை எடுக்கச் சுமார் 110 மாதம், அதாவது ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். 40 வருஷ வேலைக்காலத்தில் இது நல்ல பேரம். ஆனால் அவர் 160இல் தொடங்கினால் கூடுதல் வெறும் 20. போட்டதை எடுக்க 438 மாதம், 36 வருஷத்துக்கும் மேல். கடன் வட்டியைச் சேர்த்தால் ஓய்வு பெறும் வயதுகூடத் தாண்டிவிடும். அதே நான்கு வருஷம், அதே கட்டணம், பட்டமளிப்பு விழாவில் அதே கறுப்பு அங்கி. வித்தியாசம் முழுக்க அந்த 80க்கும் 20க்கும் நடுவில் இருக்கிறது. இதில் கவனித்தீர்களா, கட்டணத்தைவிட விட்ட சம்பளம்தான் பெரிய செலவு, ஆனால் வீட்டில் நடக்கிற பேச்சு முழுக்கக் கட்டணத்தைப் பற்றியே இருக்கும். இடைவெளி வருஷம் போகப் போகக் கூடுகிற துறைகளும் உண்டு, அப்படியானால் கணக்கு சீக்கிரம் முடியும்.

அந்த இடைவெளியை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரப் பலகையில் போடுகிற "அதிகபட்சச் சம்பளம்" யாரோ ஒருவருக்குக் கிடைத்தது, அதை மறந்துவிடுங்கள். சென்ற மூன்று வருஷங்களில் அதே கோர்ஸை முடித்தவர்களை லிங்க்டுஇன்னில் தேடிப் பாருங்கள், வரிசையின் நடுவில் இருப்பவர் என்ன வேலையில் இருக்கிறார் என்று பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தொடர்ந்து வெளியிடும் கணக்கில், புதிதாகப் பட்டம் பெற்றவர்களில் 10க்குச் சுமார் 4 பேர் பட்டமே தேவைப்படாத வேலையில் இருக்கிறார்கள். அதே வங்கியின் கணக்கில்தான் பட்டதாரிகளின் நடுத்தரச் சம்பளம் பள்ளியோடு நின்றவர்களுடையதைவிடக் கணிசமாக மேலே இருக்கிறது. ஒரு கோஷ்டி முதல் வரியை மட்டும் பகிரும், மற்றது இரண்டாம் வரியை மட்டும்.

நேராக வேலைக்குப் போனால்

சரி, அந்த நாயகர்களைப் பற்றிப் பேசிவிடுவோம். பில் கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டு வந்தார், மார்க் ஸக்கர்பெர்க் 2004இல். விட்டு வந்ததற்கு முன்னால் உள்ளே இடம் வாங்கினார்கள் என்பதைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்பென்ஸ் சொன்ன அந்த அடையாளம் இடம் கிடைத்த நாளிலேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கேட்ஸ் பள்ளிப் பருவத்திலிருந்தே நிரல் எழுதிக்கொண்டிருந்தவர், கல்லூரியை விடும்போது கையில் தொழில் இருந்தது, அதுவும் விடுப்பு எடுத்துத்தான் போனார், ஓடாவிட்டால் திரும்பி வந்திருக்கலாம். கல்லூரியை விட்டு வெளியே வந்து தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு பணம் தருகிற திட்டத்தை முதலீட்டாளர் பீட்டர் தீல் நடத்துகிறார், 2011இல் முதல் குழு. எதீரியம் என்ற கிரிப்டோ தளத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் அதைப் பெற்றவர்தான். ஆனால் தீலிடம் ஸ்டான்ஃபோர்டின் தத்துவப் பட்டமும் சட்டப் பட்டமும் இருக்கின்றன, சும்மா சொல்லி வைத்தேன்.

இவர்களை விட்டுவிட்டுச் சாதாரண ஆளுக்கு இந்த வழி எங்கே வேலை செய்கிறது? செய்ததைப் பத்து நிமிஷத்தில் காட்ட முடிகிற துறைகளில். வடிவமைப்பாளரின் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீடியோ எடிட்டர் ஒரு நிமிஷக் காட்சியைக் காட்டினால் போதும். நிரல் எழுதுபவர், நாலு பேர் பயன்படுத்துகிற ஒன்றைச் செய்து வைத்திருந்தால் அது பேசும். விற்பனையில் எண்தான் சாட்சி. மாறாக மனிதவளம், கொள்கை ஆய்வு, பொது நிர்வாகம் மாதிரி வேலைகளில் எதை எடுத்துக் காட்டுவீர்கள்? காட்ட ஒன்றும் இல்லாத இடத்தில்தான் காகிதத்தைக் கேட்கிறார்கள். நிறுவனம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அங்கே முதலாளியே நேரில் பார்த்து முடிவெடுப்பார், நடுவில் வடிகட்டி கிடையாது.

"இப்போதெல்லாம் பெரிய கம்பெனிகளே டிகிரி கேட்பதில்லை" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பட்ட நிபந்தனையை விளம்பரத்திலிருந்து நீக்கியவர்கள் நிறைய, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநில அரசே 2022இல் ஆயிரக்கணக்கான பணிகளுக்கு நீக்கியது. ஆனால் வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் நிறுவனமும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் 2024இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், இந்த மாற்றத்தால் பலனடைந்தது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 700க்கு ஒருவர்கூட இல்லை என்று வந்தது. விளம்பரத்தில் வரி மாறியது, மேஜையில் இருப்பவரின் பழக்கம் மாறவில்லை.

இன்னொரு தொல்லை, தனியாகப் படிப்பது. கோர்ஸ் இலவசம், உலகத்தின் சிறந்த பேராசிரியர், எல்லாம் சரி. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையதளம் வழியாக நடத்திய கோர்ஸ்களை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரையில், சேர்ந்தவர்களில் 100க்குச் சுமார் 3 பேர்தான் முடித்திருந்தார்கள். கேட்க ஆள் இல்லை, தேர்வுத் தேதி இல்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடும். அந்த மூன்று பேரில் ஒருவரா நீங்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம்: பள்ளி விடுமுறையில் யாரும் சொல்லாமல் எதையாவது தொடங்கி முடித்திருக்கிறீர்களா?

அப்ரண்டிஸ், மாலைப் படிப்பு

பேச்சில் அதிகம் அடிபடாத வழி அப்ரண்டிஸ். ஜெர்மனியில் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, கையில் உதவித்தொகை, இரண்டு முதல் மூன்றரை வருஷம், முடிவில் எல்லா முதலாளிகளும் மதிக்கிற தேர்வு. 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இது உண்டு, வங்கி உட்பட. சுவிட்சர்லாந்தில் இளைஞர்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியில்தான் போகிறார்கள். யு.பி.எஸ். வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி செர்ஜியோ எர்மோட்டி தொடங்கியதே லுகானோவில் ஒரு வங்கியில் அப்ரண்டிஸாக. அங்கே தொழிற்கல்வி முடித்தவர் பிறகு ஆசைப்பட்டால் உயர்கல்விக்குப் போக முறையான பாதை இருக்கிறது, அதுதான் அந்த அமைப்பின் ரகசியம். எங்கே அந்த மேல்பாதை இல்லையோ, எங்கே பயிற்சிச் சான்றிதழை அதைக் கொடுத்த கம்பெனி மட்டும்தான் மதிக்குமோ, அங்கே அப்ரண்டிஸ் என்பது மலிவான கூலிக்கு இன்னொரு பெயராகிவிடும். சேர்வதற்கு முன், இந்தச் சான்றிதழை வேறு யார் மதிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. எரிக் ஹனுஷெக்கும் சக ஆய்வாளர்களும் 2017இல் 11 நாடுகளின் தரவை வைத்துச் சொன்னது: தொழிற்கல்வி படித்தவர்களுக்கு ஆரம்பத்தில் வேலை சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் வயது ஏற ஏறப் பொதுக்கல்வி படித்தவர்கள் முந்துகிறார்கள், தொழில்நுட்பம் மாறும்போது பழகிய கை சட்டென்று மாறுவதில்லை. பொறியியல், கணினிப் பட்டதாரிகளும் இதற்குத் தப்பவில்லை. டேவிட் டெமிங், கதீம் நோரே 2020இல் எழுதியபடி, அவர்களுக்கு முதல் சில வருஷங்களில் இருக்கும் பெரிய சம்பள முன்னிலை போகப் போகச் சுருங்குகிறது, கற்ற கருவிகள் பழசாகிவிடுவதால். அதனால் எந்த வழியாக வந்தாலும் 35 வயதில் மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே எண்ணிக்கொள்வது நல்லது.

வேலையோடு படிக்கிற வழி, மேலே போட்ட கணக்கில் மற்ற எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். சம்பளம் போவதில்லை, கட்டணம் பெரும்பாலும் குறைவு, அந்த 8,760 இரண்டாயிரத்துக்குக் கீழேகூட இறங்கலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இலேயே இப்படி மாணவர்களைச் சேர்த்தது, 2015இலிருந்து அந்த நாட்டில் நிறுவனம் செலவு செய்து பட்டம் வாங்கித் தரும் அப்ரண்டிஸ் முறையும் இருக்கிறது. என்னைக் கேட்டால், வீட்டு நிலைமை இறுக்கமாக இருக்கிற, உரிமம் தேவைப்படாத துறையில் போகப்போகிற பெரும்பாலானோருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் வேலையிலிருந்து அலுத்து வந்து இரவு ஒன்பது மணிக்குப் புள்ளியியல் பாடத்தைத் திறக்கிற கஷ்டம் சாதாரணமல்ல, முதல் வருஷம் உற்சாகத்தில் ஓடிவிடும், இரண்டாம் வருஷத்தில் வேலையில் நெருக்கடி வரும், ஒரு தேர்வு போகும், அப்புறம் அடுத்ததும். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் மட்டும் எடுத்து ஆறு வருஷத்தில் முடிப்பது, நாலு பாடம் எடுத்து மூன்றாம் பருவத்தில் கைவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

பின்னால் வரும் கதவுகள்

பட்டம் மறுபடி தலைகாட்டும் இரண்டு இடங்கள் என்று சொன்னேனே, முதலாவது பதவி உயர்வு. மேற்பார்வையாளர் வரைக்கும் வேலைதான் பேசும். அதற்கு மேல் பெரிய நிறுவனங்களிலும் அரசுப் பணிகளிலும் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். 38 வயதில், தான் பழக்கிவிட்ட பையன் தனக்கு மேலதிகாரியாக வரும்போதுதான் அந்த வரி கண்ணில் படும்.

இரண்டாவது, நாடு மாறுவது. அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவுக்கு இளநிலைப் பட்டம் அல்லது அதற்குச் சமமானது வேண்டும். பட்டம் இல்லாமல் அனுபவத்தைக் காட்டினால், மூன்று வருஷ வேலையை ஒரு வருஷக் கல்லூரிப் படிப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்கள். நான்கு வருஷப் பட்டத்துக்குப் பதில் 12 வருஷ அனுபவம், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஆவணத்தோடு. ஜெர்மனி கொஞ்சம் இளகியிருக்கிறது, 2023இலிருந்து தகவல் தொழில்நுட்பத்தில் மூன்று வருஷ அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலும் நீல அட்டைக்கு (அங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி) விண்ணப்பிக்கலாம், சம்பள வரம்பைத் தொட வேண்டும். வெளிநாடு போகிற எண்ணம் துளி இருந்தாலும் ஏதாவது ஒரு பட்டத்தை, மலிவான வழியிலாவது, வாங்கி வைத்துவிடுங்கள்.

அரைக்கிணறு

இனி அந்த ஐந்தாவது வழி. அமெரிக்காவில் கல்லூரியில் சேர்பவர்களில் ஆறு வருஷத்துக்குள் முடிப்பவர்கள் 10க்குச் சுமார் 6 பேர். மிச்சமிருப்பவர்களில் சிலர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார்கள், பலர் விட்டிருப்பார்கள். கல்விக் கடனில் தவணை தவறுகிறவர்கள் பெரிய கடன் வாங்கிய மருத்துவர்களும் வழக்கறிஞர்களும்தான் என்று நினைப்போம், உண்மையில் அதிகம் தவறுவது சின்னக் கடன் வாங்கிப் பாதியில் நின்றவர்கள். பட்டம் கொடுக்கிற சம்பளம் இல்லை, பட்டத்துக்கான கடன் மட்டும் இருக்கிறது. உள்ளதும் போச்சு என்பது இதைத்தான்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைவாய்ப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், சேர்ந்த 100 பேரில் உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தப் பாடத்தில் துளியும் பிடிப்பில்லை என்று தெரிந்தும் இடம் கிடைத்துவிட்டதே என்று சேர்க்காதீர்கள், ஒரு வருஷம் தள்ளிப்போட்டு எங்காவது வேலை பார்த்துவிட்டு வருவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு விடலாமா என்று யோசிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. இதுவரை கட்டியது திரும்ப வராது, அதைத் தராசில் வைக்க வேண்டாம். இனிக் கட்ட வேண்டியது எவ்வளவு, மிச்சம் எத்தனை மாதம், முடித்தால் சம்பளம் எவ்வளவு கூடும், இந்த மூன்றும் போதும். ஒரு வருஷம்தான் பாக்கி என்றால், அந்தக் கடைசி வருஷத்தின் விலை தெரிந்த பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதுதான் பெரும்பாலும் லாபம். முதல் வருஷத்திலேயே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் சீக்கிரம் வெளியே வருவது நல்லது. எப்படியானாலும் பெயரை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். அலுவலகத்தில் போய் விடுப்பு கொடுப்பார்களா, எத்தனை பருவத்துக்கு, திரும்பி வந்தால் மறுகட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். முடித்த பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு வாங்குங்கள். அந்தப் பாடங்களை வேறு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, எத்தனை வருஷம் வரைக்கும் செல்லும் என்றும் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.